சிவப்புத் துணி காட்டிய கை

டமார் என்று வாசல் தகரக் கேற் திறந்து மதிலில் மோதித் திரும்பியது. முற்றத்தில் மேய்ந்த கோழிகள் சிதறின. பிரதீபன் சோற்றுக் கோப்பையும் கையுமாக வாசலுக்கு வந்தான்.

சுஹைரா நின்றாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது வழியில் எங்கோ மணலில் கழன்றிருக்க வேண்டும். அதைத் தேட அவள் நிற்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

பிரதீபனின் முகம் இறுகியது. றிஸ்கானின் மனைவி. போன மாதம் வலைப் பிரச்சினை நடந்ததிலிருந்து அந்த வீட்டு ஆட்கள் யாரும் இந்தக் கேற்றைத் தாண்டியதில்லை. இப்போது இவள் வந்திருக்கிறாள். கண் சிவந்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது, போனைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருக்கின்றன. சண்டைக்கு வருகிறவர்கள் இப்படித்தான் வருவார்கள்.

"ஜெசிகா, உன்ட சிநேகிதி வந்திருக்கு. வந்து என்ன எண்டு கேள்" என்று குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"உங்களோடதான் அண்ணன் கதைக்க வந்தனான்." சுஹைரா போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது எந்த இடத்தில எடுத்தது?"

அது ஜெசிகா மதியம் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட வீடியோ. காலையில் பிரதீபனின் படகில் திமிங்கிலம் பார்க்கப் போன வெள்ளைக்காரர் ஒருவர் எடுத்து அனுப்பியது. முதலில் திமிங்கிலத்தின் வால் எழுந்து விழுகிறது. பிறகு கமரா திரும்புகிறது. தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு. அதில் ஒருவன் எழுந்து நின்று சிவப்புத் துணியொன்றைத் தலைக்கு மேலே சுழற்றுகிறான். சுற்றுலாப் பயணிகள் சிரித்துக்கொண்டு பதிலுக்குக் கையசைக்கிறார்கள். கீழே ஜெசிகா எழுதியிருந்தாள்: 'நிலாவெளிக் கடலின் அன்பான வணக்கம்'. பக்கத்தில் இரண்டு இதயங்கள்.

"புறாமலைத் தீவுக்கு அங்கால, நல்லா வெளியில. ஏன்?" என்றான் பிரதீபன்.

"அவர் இன்னும் கரைக்கு வரேல்ல."

பிரதீபன் வெயிலைப் பார்த்தான். மத்தியான ளுஹர் பாங்கு சொல்லி நெடுநேரமாகிவிட்டது. இருட்டோடு போகிற சிறிய படகுகள் வெயில் ஏறுமுன் திரும்பிவிடும். அவனும் ஒரு காலத்தில் றிஸ்கானோடு ஒரே படகில் தொழிலுக்குப் போனவன்தான். அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும்.

"சூரை மீன் படுதாக்கும். மீனை விட்டிட்டு வருவானா?"

"கரையில நிக்கிற ஆக்களும் அதைத்தான் சொல்றாங்க. வீடியோவைக் காட்டினா, 'அந்தா உன்ட மனிசன் சுகமா நிண்டு துணி காட்டுறான், வலை கிடக்கு, நீ போய்ச் சோத்தை ஆக்கு' எண்டு சிரிக்கிறாங்க."

"அவங்கள் சொல்றது சரிதானே தங்கச்சி."

அந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். காரணம் பிரதீபனேதான். போன மாதம் அவனுடைய படகின் இயந்திர விசிறி றிஸ்கானின் வலையைக் கிழித்துப் போட்டது. ஊர் இரண்டுபட்டது. கடைசியில் மீனவர் சங்கக் கட்டிடத்தில் கூட்டம் வைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். வலை கிடக்கிறபோது மீன்காரர் சிவப்புத் துணி காட்ட வேண்டும். கண்டதும் சுற்றுலாப் படகு விலகிப் போக வேண்டும். சங்கமே எல்லோருக்கும் ஒவ்வொரு துணியும் கொடுத்தது. வேறு ஊர்க் கடலில் சிவப்புத் துணி ஆபத்து என்று சொல்லலாம்; நிலாவெளியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கிட்ட வராதே.

"துணியைக் கண்டன், ஸ்டியரிங்கை ஒடிச்சன். பேசின பேச்சு மாறாம நடந்தனான். இப்ப அதுவும் குற்றமா?"

"குற்றம் சொல்ல வரேல்ல அண்ணன். வடிவாப் பாருங்க." சுஹைரா படத்தை இரண்டு விரலால் விரித்தாள். "அது சங்கத்துத் துணியா?"

"சிவப்பாத்தானே இருக்கு."

"சங்கத்துத் துணி என்ட வீட்டுக் கொடியில காயுது. மீன் நாத்தம் எண்டு நேத்து நான்தான் தோய்ச்சுப் போட்டனான். விடியச் சாமத்தில அவர் மறந்திட்டுப் போயிட்டார். இது ஆதம்பாவா காக்காட சால்வை."

ஆதம்பாவா றிஸ்கானோடு கடலுக்குப் போகிறவர்; வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன். நரைத்த தாடி, நறுக்கென்ற பேச்சு. மக்காவுக்கு உம்ரா போய் வந்தபோது கொண்டுவந்த சிவப்புக் கட்டம் போட்ட சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டுதான் படகில் ஏறுவார். பிரதீபனும் அதைக் கண்டிருக்கிறான்.

"துணி இல்லாத படியால அதை வாங்கிக் காட்டியிருப்பான். இதில என்ன?"

"காக்கா குடுப்பாரா?" சுஹைராவின் குரல் உயர்ந்தது. "ஒருநாள் இவர் மீன் கையோட அதைத் தொட்டிட்டார் எண்டு ஒரு கிழமை கதைக்காத மனிசன். மழை பெய்தா தன்ட தலையை நனைய விட்டிட்டு அதை மடிச்சுப் பையில வைப்பார். அவர் கண் முழிச்சிருந்தா அதைக் கழட்டவும் மாட்டார், குடுக்கவும் மாட்டார்."

பிரதீபன் கோப்பையிலிருந்த சோற்றை ஓரத்துக்கு ஒதுக்கினான்.

"அதை விடுங்க. காக்கா எங்க? வலை கிடந்தா ஒருத்தர் வலைக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்க வேணாமா? நீங்களும் தொழில் செய்த ஆள்தானே. இந்தப் படகில இவர் மட்டும்தானே நிக்கிறார்?"

அவன் கோப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு குனிந்து பார்த்தான். படகின் முன்பக்கம் வெறுமையாக இருந்தது. பின்பக்கமும் வெறுமை. காலையில் அவன் இதைக் கவனிக்கவில்லை. சிவப்பைக் கண்டதும் கண் வேலையை முடித்துக்கொண்டுவிட்டது.

ஆனாலும் அவனிடம் ஒன்று மிச்சம் இருந்தது. வீடியோவைக் கடைசிவரை ஓடவிட்டு, ஓரிடத்தில் நிறுத்தினான்.

"அப்ப இதுக்கு என்ன சொல்றீங்க?"

துணி சுழற்றிய கை இறங்குகிறது. மற்றக் கை முன்னால் நீண்டு, புறங்கையால் காற்றைத் தள்ளுகிறது. ஒருமுறையல்ல. போ, போ என்று தள்ளுகிறது. பிறகு றிஸ்கான் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்கிறான்.

"உதவி வேண்டிய ஆள் செய்யிற வேலையா இது? சொல்லுங்க பாப்பம்."

சுஹைரா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வரும் வழியிலும் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். அது அவளுடைய கணவனின் கைதான். சந்தேகமில்லாமல் அது 'போ' என்றுதான் சொன்னது.

"எனக்குத் தெரியாது" என்றாள். "அவரிட்டயே கேப்பம். படகை எடுங்க."

"நேவிக்குப் போன் அடிச்சனீங்களா?"

"அடிச்சனான். படகு அனுப்புறம் எண்டாங்க. எந்த இடம் எண்டு கேட்டாங்க. அந்த இடம் தெரிஞ்ச ஒரே ஆள் உங்கட முற்றத்தில சோத்துக் கோப்பையோட நிக்கிறார்."

குசினி வாசலில் நின்ற ஜெசிகா முற்றத்துக்கு இறங்கினாள். வந்து கணவனின் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். சுவர் ஆணியில் தொங்கிய படகுச் சாவியை எடுத்து அந்தக் கையிலேயே வைத்தாள். பிறகு, அந்த இரண்டு இதயங்களை நினைத்தாளோ என்னவோ, சுஹைராவின் முகத்தைப் பார்க்காமல் தன் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் தள்ளினாள்.

"கையைக் கழுவிப்போட்டு வெளிக்கிடுங்க. இடத்தை எழுதித் தாங்க, நேவிக்கு நான் சொல்றன்."

கச்சான் காற்று எழும்பியிருந்தது. வெயிலில் காய்ந்து வரும் அந்தக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். இயந்திரம் ஓடாத படகைக் கரையிடம் விடாது. வெளியே, வெளியே என்று தள்ளிக்கொண்டே போகும். பிரதீபன் தண்ணீரில் இறங்கும்போது சட்டையின் முதுகில் அந்தக் காற்றை உணர்ந்தான். முதல் தடவையாகக் கால்களை அவசரமாக எட்டிப் போட்டான்.

நங்கூரக் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்பினால், சுஹைரா இடுப்பளவு தண்ணீரில் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அபாயா நீரில் விரிந்து மிதந்தது.

"நீங்கள் எங்க வாறீங்க?"

"உங்களோடதான்."

"பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு தேடப் போறதா? கரையில நில்லுங்க தங்கச்சி. நான் போறன் எண்டு சொன்னா போவன்."

"தினமும் வெள்ளைக்காரப் பொம்பிளையளை ஏத்திக்கொண்டு போறீங்க. அவையளுக்குத் தாழாத படகு என்னை ஏத்தினா தாழுமா?"

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். "ஏத்தடா பிரதீபன், இல்லாட்டி அது நீந்தியே வந்திடும்!" என்று ஒருவர் கத்தினார்.

பிரதீபன் கையைக் கொடுத்து அவளை ஏற்றினான். லைஃப் ஜாக்கெட் ஒன்றைத் தூக்கிப் போட்டான். மஞ்சள் நிறக் கூரைத்துணி காற்றில் படபடத்தது. நிலாவெளியில் மஞ்சள் கூரை போட்ட படகு அது ஒன்றுதான். இயந்திரம் ஒரே இழுப்பில் பிடித்தது.

புறாமலை பின்னால் சிறுத்துப் போனது. சுஹைரா கம்பியைப் பிடித்து நின்றே வந்தாள். ஒவ்வொரு அலைக்கும் படகு தூக்கிப் போட்டது. உட்காரும்படி அவன் கையால் காட்டியதை அவள் பார்த்தும் பார்க்காதது போல நின்றாள்.

"வலை கிழிஞ்சதுக்கு நான் வேணுமெண்டு செய்யேல்ல எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?" என்றான் அவன், இயந்திரச் சத்தத்துக்கு மேலாக.

"அவருக்கு வலையைப் பத்திக் கோபமில்ல. கதிரையைப் பத்தித்தான் கோபம்."

"எந்தக் கதிரை?"

"தேத்தண்ணிக் கடையில. சமாதானமாப் போவம் எண்டு அவர் உங்களிட்ட வந்தாராம். நீங்கள் அவர் இருக்க வந்த கதிரையைக் காலால உதைச்சீங்களாம். அவ்வளவு பேருக்கு முன்னால."

பிரதீபன் வேகத்தையே குறைத்துவிட்டான். "உதைச்சனானா? அட ஆண்டவரே! என்ட ரெண்டு கையிலயும் பிளேன்டி. ஒண்டு எனக்கு, மற்றது அவனுக்கு. இரு மச்சான் எண்டு சொல்லத்தான் கதிரையைக் காலால அவன் பக்கம் தள்ளினனான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போறான். என்னோட இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கவும் இவனுக்கு ஏலாதாம் எண்டு நான் நினைச்சன்."

"வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வாயில ரோல்ஸ் இருந்தது."

சுஹைரா திரும்பி அவனைப் பார்த்தாள். வேறொரு நாளாயிருந்தால் சிரித்திருப்பாள். "வேகத்தைக் கூட்டுங்க" என்றாள்.

வீடியோ எடுத்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஜீபிஎஸ் கருவி அதுதான் இடம் என்றது. கடல்தான் இருந்தது. படகும் இல்லை, மிதவையும் இல்லை, வலையின் அடையாளமும் இல்லை. பிரதீபன் இயந்திரத்தை நிறுத்தினான். தண்ணீர் படகின் அடியில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

இங்கே வலை கிடக்கவேயில்லை என்பது அவனுக்கு இப்போது விளங்கியது. இந்த ஆழத்தில், இந்த நீரோட்டத்தில், யாரும் வலை விடமாட்டார்கள். காலையிலேயே யோசித்திருக்க வேண்டியது. ஆனால் காலையில் அவன் கண்டது றிஸ்கானை. றிஸ்கான் சிவப்பைத் தூக்கினால் அது தனக்கு எதிராகத்தான் என்று அவன் மனம் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது.

"காத்து இந்தப் பக்கம் அடிக்குது" என்று கையை நீட்டிக் காட்டினான். "நீரோட்டம் கொஞ்சம் வடக்க இழுக்கும். ரெண்டுக்கும் நடுவால போவம்."

போனார்கள். கரை ஒரு நீலக் கோடாகி, பிறகு கோடும் கரைந்தது. அலை உயர்ந்தது. தெறித்த உப்புநீர் சுஹைராவின் முகத்தில் வெள்ளையாகக் காய்ந்தது. கண்ணைக் கசக்கிக் கசக்கி அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிரதீபன் ஒருதரம் குனிந்து நிமிர்ந்தான்.

"இஞ்சினுக்கு எண்ணெய் காணாதா?" என்றாள் உடனே.

"நான் ஒண்டும் சொல்லேல்லயே."

"தாங்கியைப் பாத்தீங்க. பிறகு கரைப் பக்கம் பாத்தீங்க."

அவன் பெருமூச்சு விட்டான். இவளிடம் எதையும் மறைக்க ஏலாது. "காலையில ஓடின மிச்சம்தான். திரும்பிப் போகவும் வேணும் தங்கச்சி. நாங்களும் இழுபட்டுப் போனா எங்களைத் தேட ஆர் வாறது?"

"திரும்பிப் போறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவையும் வைச்சிருங்க. மிச்சம் முடியிற வரைக்கும் போங்க."

"மிச்சமே கொஞ்சம்தான்."

"அந்தக் கொஞ்சத்துக்குத்தான் கேக்கிறன்."

அவள் கெஞ்சவில்லை, அழவில்லை. கடையில் நின்று மா வாங்குகிறவள் போலச் சொன்னாள். தேங்காய்ப்பாலில் வட்டிலப்பம் செய்து உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கெல்லாம் கொடுப்பவள். சொன்ன நேரத்துக்குச் சாமான் போய்ச் சேர வேண்டும் என்று நிற்கிற அதே நிற்பு. பிரதீபன் வேகத்தைக் கூட்டினான்.

கொஞ்சமும் முடிகிற இடத்தில்தான் அவள் கை எழுந்தது. விரல் நீண்டது.

ஒரு சிவப்புப் புள்ளி. அலை எழும்போது மறைந்தது, விழும்போது தெரிந்தது. கிட்டப் போகப் போக அது ஒரு துடுப்பு என்று தெரிந்தது. படகில் நட்டுக் கட்டிய துடுப்பின் நுனியில் ஆதம்பாவா காக்காவின் சால்வை.

படகில் குந்தியிருந்தவன் சத்தம் கேட்டு எழுந்தான். தள்ளாடினான். அவனுடைய கை முன்னே எழுந்தது. உள்ளங்கை வெளியே தெரிந்தது.

நில் என்கிறானா, வா என்கிறானா? பிரதீபனின் கை பழக்கத்தில் ஸ்டியரிங்கை இறுக்கியது. பக்கத்தில் சுஹைரா அவனையே பார்ப்பது தெரிந்தது. இந்தமுறை அவன் அந்தக் கையைப் பார்க்கவேயில்லை. படகை நேரே விட்டு, பக்கத்தோடு பக்கம் உரசி நிறுத்தினான்.

"என்னடா நடந்தது?" என்று வாயைத் திறந்து கேட்டான்.

றிஸ்கானின் உதடு வெடித்திருந்தது. முதலில் மனைவியைப் பார்த்தான். அவள் அந்தப் படகில் நிற்பதை நம்ப முடியாதவன் போல இன்னொரு தரம் பார்த்தான். பிறகு காலடியைக் காட்டினான்.

ஆதம்பாவா நெடுக்கப் படுத்திருந்தார். தொடையில் சாரன் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தது. கட்டு கறுத்துப் போயிருந்தது. "திருக்கை மீன். வலையை ஏத்தேக்க வாலைச் சுழட்டி முள்ளை இறக்கிப்போட்டுது" என்றான் றிஸ்கான். குரல் கரகரத்தது. "வலையை அறுத்து விட்டிட்டு இஞ்சினை இழுத்தன். பதட்டத்தில இழுத்த இழுவைக்குக் கயிறு அறுந்து, உள்ளுக்கயும் எல்லாம் உடைஞ்சு போச்சு. காக்காவுக்குக் காய்ச்சல். காலையில இருந்தே கண் முழிக்கேல்ல."

சுஹைரா ஏற்கெனவே அந்தப் படகுக்குள் தாவியிருந்தாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, முதலில் காக்காவின் உதட்டை நனைத்தாள். அவர் தொண்டை அசைந்தது. கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் போத்தலைக் கணவனிடம் கொடுத்தாள். அவன் குடிக்கும்வரை அவனுடைய தோளில் இருந்து கையை எடுக்கவில்லை.

மூவருமாகக் காக்காவைத் தூக்கி மஞ்சள் கூரையின் நிழலுக்குள் கிடத்தினார்கள். பிரதீபன் கேட்காமலே றிஸ்கானின் படகுக் கயிற்றை எடுத்துத் தன் படகின் பின்னால் கட்டத் தொடங்கினான். பிறகு நிறுத்தினான். எண்ணெயை நினைத்தான். இழுத்துக்கொண்டு போகக் காணாது. சொல்லவும் மனம் வரவில்லை. அந்தப் படகுதான் றிஸ்கானின் தொழில்.

றிஸ்கான் அவன் கை நின்றதைப் பார்த்தான். குனிந்து தன் படகிலிருந்த எண்ணெய்த் தாங்கியைத் தூக்கினான். பாதிக்கு மேல் இருந்தது. வேறெங்கோ பார்த்துக்கொண்டு அதைப் பிரதீபனிடம் நீட்டினான். பிரதீபனும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு அதை வாங்கினான்.

"அல்லாஹ்வே! ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கதைச்சா கடல் வத்திப் போயிடுமா?" என்றாள் சுஹைரா.

திரும்பும் வழியில், புறாமலை மீண்டும் தெரிய ஆரம்பித்தபோது, நேவிப் படகு எதிரே வந்தது. ஜெசிகா சொன்ன இடத்தை வைத்து அவர்களும் காற்றின் பாதையில் தேடிக்கொண்டு வந்திருந்தார்கள். காக்காவை மாற்றி ஏற்றினார்கள். அவர்களுடைய படகு வேகமானது. கரையில் அம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று என்றார்கள்.

மாற்றி ஏற்றும்போது ஆதம்பாவா கண்ணைத் திறந்தார். வானத்தைப் பார்த்தார். தலையைத் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ட சால்வை எங்கடா?"

"இருக்கு காக்கா, பத்திரமா இருக்கு."

"எங்க இருக்கு எண்டு கேட்டன்."

பின்னால் இழுபட்டு வரும் படகின் துடுப்பில் உப்பு பொரிந்து பறந்துகொண்டிருந்த சால்வையை அவர் கண்டுவிட்டார். "ஆரடா அதைக் கம்பில கட்டினது?" என்று எழும்பப் பார்த்தார். நேவிப் பொடியன் ஒருவன் அவரை மெதுவாக அழுத்திப் படுக்க வைத்தான். படகு கிளம்பியது. தூரத்தில் போகும்வரை அவர் கை ஆட்டியபடியே போனார். அது வாழ்த்து அல்ல என்பதை யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுஹைராவுக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. காக்கா பிழைப்பார். சால்வைக்காகக் கோபப்படத் தெம்பிருக்கிற மனிசனுக்கு ஒன்றும் ஆகாது.

பிரதீபன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். றிஸ்கான் அவனுக்கு முதுகு காட்டி முன்பக்கம் உட்கார்ந்திருந்தான். வீடியோவின் கடைசியில் உட்கார்ந்திருந்த அதே இருப்பு.

"காலையில நான் பிழை விட்டிட்டன்" என்றான் பிரதீபன். "சிவப்பைக் கண்டதும் வலை எண்டு நினைச்சுத் திருப்பினனான். ஆனா ஒண்டு கேக்கோணும் மச்சான். அதுக்குள்ள நீ கையால போ எண்டு தள்ளினாயே, அதையும் நான் பிழையாத்தான் விளங்கினனானா?"

மச்சான் என்ற சொல் நெடுநாளைக்குப் பிறகு அந்தப் படகில் விழுந்தது. றிஸ்கான் திரும்பவில்லை.

"ஏன் கேக்கிறாய்?"

"உன்ட மனிசி வீடியோவை நூறு தரம் பாத்திட்டா. அவவுக்கும் அது மட்டும் விளங்கேல்ல. அவரிட்டயே கேப்பம் எண்டுதான் கடலுக்கு வந்தவ."

சுஹைரா கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு ஒருதரம் நிமிர்ந்து, பிறகு தளர்ந்தது. காக்கா கிடந்த இடத்தில் பலகையில் இன்னும் ஈரமிருந்தது. றிஸ்கான் அதைப் பார்த்தான். மெல்லத் திரும்பினான். இருவரையும் நேராகப் பார்த்தான்.

"நீ பிழையா விளங்கேல்ல மச்சான். மஞ்சள் கூரை எண்டு தெரிஞ்ச உடனே, நீ எப்பிடியும் வரமாட்டாய் எண்டு நினைச்சு, உனக்கு முதல் நானே போ எண்டு கை காட்டிப்போட்டன்."